வால் இல்லாத கோப்பு

"இதோட ஒரிஜினல் எங்க?"

எதைக் கையில் கொடுத்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி அதுதான். உடன்பிறந்தவர் அல்ல; நாங்கள் அப்படி அழைத்தோம். சான்றிதழின் நகலைக் கொடுத்தாலும் கேட்பார். யாரோ சொன்னதாக ஒரு செய்தியைச் சொன்னாலும் கேட்பார். ராயபுரத்தில் தம் தெருக் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றும்போது தெருவே கைகூப்பி மேலே பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கீழே கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர் அம்மாவே சொல்லிச் சிரித்ததுண்டு. நான் மேடையில் பேசிப் பழகியவன். என் சொல்லை எதிரணியினர் மறுத்திருக்கிறார்கள்; நடுவர்கள் மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். ஆனால் நான் சொன்னதை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் அவருக்கு வேலை. துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஓர் இரும்புச் சீல் இருக்கும். அதன் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. மற்றவர்கள், சீல் உடையாமல் இருந்தால் வண்டியைப் போகச் சொல்லிக் கையசைத்துவிடுவார்கள். இவர் ஒவ்வோர் இலக்கத்தையும் விரலால் தொட்டு வாய்விட்டுப் படிப்பார். ஒரு முறை கடைசி இலக்கம் மாறியிருக்கிறது என்று ஒரு லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் விம்கோ நகர் வரைக்கும் வண்டிகள் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கடைசியில் பார்த்தால், பிழை அவருடையது. முந்தின நாள் காகிதத்தில் அவரே மாற்றி அடித்திருந்தார். மேலாளர் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "இன்னிக்கு என் தப்பு சார். நாளைக்கு யார்துன்னு யாருக்குத் தெரியும்?" என்றாராம். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளும் விரலால் தொட்டே படித்தார்.

அந்த யார்டிலிருந்து வெளியேறுவதற்கு அவர் வைத்திருந்த ஒரே வழியில்தான் நான் குறுக்கே வந்தேன்.

திருவொற்றியூரில், துறைமுகத்துக் கிரேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆறு கணினிகளுடன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பெரியவர் சிறியவர் என்று பாராமல் ஆண்களை எல்லாம் 'நைனா' என்றே அழைப்பார் என்பதால் அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நைனாவுக்கு ஒரு பழைய ஜப்பானிய வீடியோ விளையாட்டின் மேல் தீராத மயக்கம். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடிப் படகோட்டும் ஒரு பெண்ணின் கதை. மொழி ஓர் எழுத்தும் தெரியாமல், படத்தையும் இசையையும் வைத்தே பாதிவரை வந்துவிட்டார். "அந்தப் பொண்ணு இன்னாமா சொல்லிக்கினு கீது?" என்று ஒரு நாள் அக்காவைக் கேட்டார். இணையத்தில் யாரோ எழுதிவைத்த ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து அக்கா சொன்னார். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த விளையாட்டைத் தமிழில் பேசவைக்க வேண்டும் என்று அக்கா இறங்கியது அன்றுதான்.

சில மாதங்களில் அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. நகரத்தின் தெற்கே, கைப்பேசிக்கு விளையாட்டு செய்யும் ஒரு நிறுவனம் ஆள் எடுப்பதாக அறிவித்தது. பட்டத்தைக் கேட்கவில்லை, முடித்த வேலை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னது. நேர்காணலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். தமிழ் பேசும் அந்த விளையாட்டுதான் அவர் கொண்டுபோகவிருந்த வேலை.

எழுத்துகளை வரைய, தொடக்கத்திலேயே மாத்தூரிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவன் வந்தான். சின்னஞ்சிறு கட்டங்களுக்குள் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வைத்து, ஜப்பானிய எழுத்துகள் இருந்த இடத்தில் உட்காரவைத்தான். வசனம் எழுத நான் போனேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் என் பெயர் அறியப்பட்டிருந்த காலம் அது. அண்ணனின் உடைந்த துடுப்பைக் கண்டெடுக்கும் காட்சிக்கு, அலையையும் இரத்த பாசத்தையும் சேர்த்து ஆறு வரி எழுதிக்கொண்டு போனேன். அக்கா படித்தார், திரையில் இருந்த கட்டங்களை எண்ணினார்.

"இன்னா தலைவரே, மீட்டிங்கா போடுற? இருவது எடம்தான் கீது. அண்ணன் துடுப்ப பாத்தா பொண்ணு இன்னா சொல்லும்? அத்த எழுது."

நான் மூன்று நாள் முறைத்துக்கொண்டு கடைப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள், "அண்ணே, இது உன்னுதுதானே?" என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் எழுத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கணினியில் அடித்தார். அவர் எண்ணாமல் ஏற்றுக்கொண்டதாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு வரிதான்.

விளையாட்டை நாங்கள் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். கொடுப்பது வேறுபாட்டை மட்டும். அதற்கென்று உலகெங்கும் ஆர்வலர்கள் பயன்படுத்திய ஒரு கோப்பு வகை இருந்தது. 'பேட்ச்' என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளில் அந்தக் கோப்பு தொடங்கும். பிறகு, இன்ன இடத்துக்குப் போ, இத்தனை எழுத்தை எடு, அதற்குப் பதில் இதை வை என்று வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். கோப்பு முடிந்தது என்பதற்கான இ, ஓ, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். அசல் விளையாட்டு வைத்திருப்பவர் அதன்மேல் இதை ஒட்டினால் தமிழ் வரும். "நாம வூட்ட தூக்கியாந்து குடுக்கல. எந்தச் செவுத்துக்கு இன்னா கலரு அடிக்கணும்னு சீட்டு எழுதிக் குடுக்குறோம். அவ்ளோதான்," என்பார்.

அந்தச் சீட்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது எந்த வீட்டுச் சுவர் என்று பார்க்காது. தவறான நகலின்மேல் ஒட்டினாலும் ஒரு கேள்வி கேட்காமல் ஒட்டிக்கொள்ளும். நானே அதில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக் கணினியில் நான் ஒட்டிப் பார்த்தபோது, படகு இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துத் துண்டுகள் மிதந்தன. பெண்ணின் முகத்தில் பாதி கடலாக இருந்தது. அக்கா வேண்டுமென்றே எனக்குப் பழுதான கோப்பைக் கொடுத்திருக்கிறார், என்னை நம்பவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு, சூடாகவே கடைக்குப் போனேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதும்மேல ஒட்ன? ஒரிஜினல காட்டு."

என்னிடம் இருந்த நகலின் தொடக்கத்தில், அதை நகலெடுத்த கருவி ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துவைத்திருந்தது. அதனால் எல்லா இடமும் அந்த அளவு தள்ளிப்போயிருந்தது. கட்டளைகள் சரி, கதவு எண்தான் மாறியிருந்தது. அக்கா அந்தத் தலைப்பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினார். பெண்ணுக்கு முகம் திரும்பியது. "சந்தேகப்படுறதுன்னா மொதல்ல உன் கையில கீறத சந்தேகப்படு," என்றார்.

அசலைச் சரிபார்த்து, தன்னையும் கூட்டிச் சரிபார்த்து, ஓர் எழுத்து மாறினாலும் ஒட்ட மறுக்கும் வேறு வகைக் கோப்புகளும் அப்போது இருந்தன. தேநீரைக்கூட எந்தக் கடை என்று விசாரிக்காமல் குடிக்காத ஒருவர், எதையும் சரிபார்க்காத ஒரு கோப்பு வகையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "இதுல ஒரு சௌகரியம் கீது," என்று மட்டும் சொன்னார். எதையோ மறைக்கிறார் என்று அன்று தோன்றியது. சரியாகத்தான் தோன்றியிருக்கிறது.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க மூன்று பேருக்கு மூன்று ஃப்ளாப்பி கொடுத்தார்: நைனா, மாத்தூர்க்காரன், நான். ஒரே நாளில் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, தம் கையாலேயே கொடுத்து, செவ்வாய்க்கிழமை முடியும்வரை வேறு எவர் கணினிக்கும் இது போகக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். நான், "என் வார்த்தையே போதும்," என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருளை நான் பிறகு பல முறை ஆராய்ந்திருக்கிறேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தென்சென்னைக் கல்லூரி ஒன்றில் பேச்சுப் போட்டி. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், என் எதிரணிக்காரன், சாப்பாட்டு இடைவேளையில் நான்கைந்து பேர் நடுவே கேட்டான்: "உங்க ஏரியா பிரவுசிங் சென்டர்ல படம் பாக்கறதத் தவிர வேற என்னடா பண்றாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பகுதியின் பேச்சைத் திரையில் கேலி செய்தால்கூட நான் பொறுத்துக்கொள்வதில்லை. பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தேன். அவர்கள் கல்லூரிக் கணினியிலேயே, விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கி, ஒட்டிக் காட்டினேன். "அண்ணே, இது உன்னுதுதானே?" என்று திரையில் வந்ததும் சிரிப்பு நின்றது. "யார் எழுதியது?" என்றார்கள். "நான்," என்றேன். வசனத்தைத்தான் சொன்னேன். அவர்கள் எல்லாவற்றையும் என்று எடுத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. எதிரணிக்காரன் தன் பென் டிரைவில் ஒரு நகல் கேட்டான். கொடுத்தேன்.

நேர்காணலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது இணையத்தில் வந்தது. விளையாட்டு ஆர்வலர்கள் கூடும் ஒரு தளத்தில், தமிழில் முதல் முயற்சி என்ற முழக்கத்துடன், ஒரு புனைபெயரின் கீழ். அது என் எதிரணிக்காரனின் புனைபெயர் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று மாலை அக்கா எங்கள் மூவரையும் கடைக்கு வரச்சொன்னார். நைனா வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினார். அக்கா எங்கள் கண்ணெதிரே அந்தத் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, அதை எண்ணும் எழுத்துமாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிரலில் திறந்தார். பிறகுதான் பேசினார்.

"இந்தக் கோப்பு அந்த மூணு எழுத்தோட முடிஞ்சிரும். அப்பால இன்னா எழுதினாலும் எந்த புரோகிராமும் படிக்காது. வேற வகக் கோப்புல அப்டி வால் வெக்க முடியாது, கணக்கு இடிக்கும். இதுல வெக்கலாம். ஃப்ளாப்பி குடுக்கச்சொல்ல அந்த வால்ல பேரு எழுதித்தான் குடுத்தேன்."

கன்டெய்னருக்குச் சீல் வைக்கிறவர் எங்களுக்கும் சீல் வைத்திருக்கிறார். அவர் சொன்ன சௌகரியம் அதுதான். மாத்தூர்க்காரனின் முகம் சிவந்தது. நைனா ஒன்றும் புரியாமல் சிரித்தபடியே நின்றார். அக்கா சுட்டியைக் கீழே உருட்டினார். வரிகள் ஓடின. கடைசி வரியில் இ, ஓ, எஃப் வந்தது. அதற்குப் பின்னால் வெற்றுத் திரை.

அக்கா விரலைத் திரையில் வைத்து அந்த மூன்று எழுத்தையும் தொட்டுப் படித்தார். விரல் அங்கேயே நின்றது.

"பேரு இல்ல," என்றார்.

இணையத்தில் ஏற்றியவன் வாலை வெட்டிவிட்டான் என்று நான் நினைத்தேன். எதிரணிக்காரனை வாழ்த்தாத குறை. நைனா, "அப்ப நம்மாளுங்க யாரும் இல்லமா. வுட்று," என்றார். மாத்தூர்க்காரன் விடவில்லை. எட்டு மாதம் புள்ளி வைத்தவனுக்கும் திருடன் பட்டமா என்று கேட்டான். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனவன் பிறகு அந்தக் கடைக்கு வரவே இல்லை.

மிஞ்சியது நான். அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் பேசினேன். நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தக் கூட்டு முயற்சியும் நிலைக்காது என்று தொடங்கினேன். நண்பர்களின் முதுகில் முத்திரை குத்துபவர்களுக்குக் கடைசியில் முதுகுகள் மட்டுமே மிஞ்சும் என்று முடித்தேன். இடையில் ஓர் இடத்தில் என் குரல் தழுதழுத்ததும் நினைவிருக்கிறது. நல்ல பேச்சு. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. அக்கா நாற்காலியைத் திருப்பி, என் முகத்தைப் பார்த்து, முழுவதும் கேட்டார்.

"முடிஞ்சிதா, தலைவரே?"

"முடிஞ்சிது."

"செரி."

கடையைப் பூட்டியபின், பேருந்து நிறுத்தம்வரை ஒன்றாக நடந்தோம். லாரிகள் கிளப்பிய புழுதியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். செவ்வாய்க்கிழமை தம்மோடு நேர்காணலுக்கு வர முடியுமா என்று. நெட்டில் வேறு பெயரில் இருப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள், தாம் மட்டும் போய்த் தம்முடையது என்றால் யார் நம்புவார்கள் என்றார்.

"நீ ஒண்ணும் பெரிசா பேச வேணாம். பக்கத்துல குந்திக்கினு, வசனம் நான் எழுதினேன், மீதியெல்லாம் இவங்க செஞ்சதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

அங்கே போனால் அடுத்த கேள்வி வெளியிட்டது யார் என்பதாக இருக்கும். "அன்னிக்கு ஃபைனல்ஸ், அக்கா," என்றேன். அது உண்மைதான். பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்று மாலையில், நேர்காணல் காலையில். அதை மட்டும் சொல்லவில்லை.

"ஒரு வார்த்ததான் கேட்டேன்," என்றார். பேருந்து வந்தது.

இறுதிச் சுற்றில் நான் வெற்றிக்கோப்பை வாங்கினேன். அக்காவுக்கு வேலை கிடைக்கவில்லை. அங்கே நடந்ததை நைனாதான் பிறகு சொன்னார். அவர்கள் மரியாதையாகவே பேசினார்களாம். இணையத்தில் இருப்பதைக் காட்டி, உங்களோடு வேலை செய்தவர்கள் யாராவது உண்டா, போனில் பேசலாமா என்று கேட்டார்களாம். "யாரும் இல்லன்னு சொல்ட்டு வந்துட்டா, நைனா. நாம மூணு பேரும் இல்லியா? என் பேர சொல்லிக்கலாம்ல?" நைனாவுக்கு அதில் உண்மையான வருத்தம். அக்கா அந்த ஆண்டே மீஞ்சூர்ப் பக்கம் வேறொரு யார்டுக்கு மாறிப் போனார். அங்கேயும் சீல்தான்.

ஆறு ஆண்டுகள் கழித்து, பழைய சான்றிதழ்களை அடுக்கும்போது என் ஃப்ளாப்பி கிடைத்தது. அதைப் படிக்கும் கருவி இப்போது யாரிடமும் இல்லை. நைனாவின் கடை ரீசார்ஜ் கடையாகிவிட்டது. ஆனால் மூலையில் ஒரு பழைய கணினியை அந்த விளையாட்டுக்காக மட்டும் வைத்திருக்கிறார். என் பெயரை அக்கா எப்படி எழுதியிருப்பார், முதலெழுத்தோடா, 'தலைவர்' என்றா, பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. குற்றம் பழையதாகிவிட்டால் அப்படி ஓர் ஆசையும் வரும்போலிருக்கிறது. நைனா கடைக்கு எடுத்துப்போய்ச் செருகினேன்; வட்டு கரகரத்தது. கோப்பைத் திறந்து கீழே உருட்டினேன்.

இ, ஓ, எஃப். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

வட்டு பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். நைனா தம் மேசை இழுப்பறையிலிருந்து தம்முடைய ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார். அதே கோப்பு, என்னுடையதைவிட ஏழு எழுத்து கூடுதல். இ, ஓ, எஃப் என்பதை அடுத்து ஆங்கிலத்தில் 'நைனா' என்று ஐந்தெழுத்து, ஒரு கோடு, ஒன்று என்ற எண்.

எங்கள் எல்லோர் பெயரையும் எழுதினேன் என்று அக்கா அன்று சொல்லவே இல்லை. பேரு எழுதித்தான் குடுத்தேன் என்றார்; நாங்களே மூன்று பேருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டோம். இணையத்தில் வந்த கோப்பிலிருந்து யாரும் எதையும் வெட்டவில்லை. 'பேரு இல்ல' என்று அவர் சொன்னபோது, எங்களில் வெளியே விட்டது யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது: வால் இல்லாத கோப்பு என் ஒருவனிடம்தான்.

என் வார்த்தையை நம்பித்தான் எனக்குச் சீல் வைக்காமல் விட்டார் என்று ஒரு கட்சி பேசலாம். யாரையும் நம்பாதவர், ஒருவனுக்கு மட்டும் வெறுமையையே சீலாக வைத்தார் என்று மறு கட்சி பேசலாம். இரண்டிலும் ஏழு நிமிடம் தடையின்றிப் பேச என்னால் முடியும். முதல் கட்சிக்கு நான் காட்டும் சான்று, எல்லாம் தெரிந்த பிறகும் அவர் செவ்வாய்க்கிழமை என்னை அழைத்தார் என்பது. இரண்டாவது கட்சிக்கும் என்னிடம் வேறு சான்று இல்லை.

நைனா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் இருந்த இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தம் பெயரைக் கண்டுபிடித்ததும் முகம் சுருங்கியது.

"என் பேர எழுதி வெச்சிகீது பாரு. எம்மேல டவுட்டு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் பொறாமைகூட இருந்தது.

"உம்மேல இல்ல. அப்டி இன்னா நைனா நீ பண்ண?"